பள்ளிக்குப் போக ஃபேட் டயர் சைக்கிள் சரிப்படுமா?

ஜூன் 2, கேள்வி

பெண் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி 5 கி.மீ., தார் ரோடு, கடைசி அரை கி.மீ. மட்டும் மண். பள்ளியில் அரசு சைக்கிள் கொடுப்பார்கள். அது "பால்காரர் வண்டி மாதிரி இருக்கு", வேண்டாம் என்கிறாள். கேட்பது ஃபேட் டயர் (தடித்த அகல டயர்), முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், 21 கியர். யூனிஃபார்ம் சுடிதார், துப்பட்டா. ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது, மற்றபடி பிடித்ததை ஓட்டட்டும் என்பது என் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு, பதில்

பாதுகாப்பு அதோடு முடியவில்லை. ஹெல்மெட் விழுந்த பிறகுதான் வேலைக்கு வரும். விழவைப்பது எது என்று முதலில் பார்ப்போம்.

அவள் கேட்கும் வண்டியையும் அரசு வண்டியையும் பக்கம் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். புதியதில் செயின்கவர் கிடையாது. மட்கார்டு கிடையாது. கேரியர் கிடையாது. டபுள் ஸ்டாண்டு கிடையாது. கம்பெனிக்காரன் அழகு சேர்த்திருக்கிறான் என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அவன் கழற்றியிருக்கிறான். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது, அதை இனி யார் பார்ப்பது? பெயின்ட், ஸ்டிக்கர், சீட்டின் நிறம் எல்லாம் அவள் இஷ்டம். அதில் யாரும் விழப்போவதில்லை.

உங்கள் வீட்டு விஷயத்தில் முதல் ஆபத்து துப்பட்டா. டயரும் டிஸ்க்கும் அதற்கு அப்புறம்தான்.

ஜூன் 3

துப்பட்டா எப்படி மாட்டுகிறது என்று விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் "பார்த்து ஓட்டு" என்று சொல்வதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்.

வண்டி முன்னே போகும்போது பின்சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கி ஏறும். உச்சிப் பகுதி சீட்டை நோக்கி வரும். தோளிலிருந்து பின்னால் தொங்கும் நுனி ஸ்போக்ஸில் பட்டால், சக்கரம் அதை மேலே தூக்கி, முன்னே இழுத்து, சீட்டிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் கம்பிக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே திணிக்கும். அந்தச் சந்து விரல் அகலம்கூட இருக்காது. இரண்டு சுற்று துணி போனால் சக்கரம் இறுகி நின்றுவிடும். மறுமுனை கழுத்தைச் சுற்றியிருந்தால் கழுத்து பின்னால் இழுபடும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் நீஸ் நகரில் இறந்ததும் இப்படித்தான். அங்கே கார் சக்கரம், இங்கே சைக்கிள் சக்கரம்.

மோட்டார் சைக்கிளுக்கு இதற்கென்று விதியே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123: பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூட வேண்டும். நாம் சேலை கார்டு என்பது அதுதான். சைக்கிளில் இந்த யோசனை அதைவிடப் பழசு. 1890-களிலேயே லேடீஸ் சைக்கிளின் பின் மட்கார்டில் ஓட்டை போட்டு, ஆக்சில் வரை விசிறி மாதிரி கயிறு பின்னிவிடுவார்கள். நெதர்லாந்தில் இன்றைக்கும் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கோட்டு சிக்காமல் மறைத்த வண்டிகள் தெருவெல்லாம் ஓடுகின்றன. அங்கே அதைப் பழைய மாடல் என்று யாரும் சிரிப்பதில்லை.

துப்பட்டாவைக் கட்டும் விதம்: இரண்டு தோளிலும் பின் குத்தி முன்பக்கம் விட்டு, இரண்டு நுனியையும் இடுப்புக்குக் கொண்டுவந்து இடது பக்கம் முடிச்சு. வலது பக்கம் செயின் இருக்கிறது, அதனால் இடது. கழுத்தைச் சுற்றி முடிச்சு மட்டும் கூடவே கூடாது. பின் குத்தியிருந்தால் மாட்டினாலும் இழுவை தோள் துணியில் போகும், கழுத்துக்கு வராது. இதைவிட நல்லது, மடித்துப் பைக்குள் வைத்துப் பள்ளி வாசலில் எடுத்துப் போட்டுக்கொள்வது. பள்ளி ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு சண்டை.

மாட்டிவிட்டால்: பிரேக், நிற்பது, இறங்குவது. துணியைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். வண்டியைப் பின்னால் உருட்ட வேண்டும். எந்த வழியில் போனதோ அதே வழியில் வெளியே வரும். வராவிட்டால் கத்தரி.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

செயினைச் சொல்ல மறந்தேன். செயினின் மேல் ஓட்டம் பின்னாலிருந்து முன்னால் வரும். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் உச்சியில், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், செயின் பல்லில் உட்காருகிறது. பேன்ட் நுனி, சுடிதார் ஓரம், ஷூ லேஸ் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் கடிபடும். அதனால் முழுப்பெட்டி மாதிரியான செயின்கவர் இல்லாவிட்டாலும் மேல் ஓட்டத்தையும் பல்சக்கரத்தின் உச்சியையும் மூடும் அரைக் கவர் இருந்தாலே துணி பெரும்பாலும் தப்பிக்கும். முழுக்கவரின் கூடுதல் லாபம், மழையும் மண்ணும் செயினில் படாது, எண்ணெய் சீக்கிரம் காயாது.

கடிபட்டால் பெடலைப் பின்னால் மிதித்தால் போதும். மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் ஃப்ரீவீல் இருப்பதால் செயின் பின்னோக்கி ஓடித் துணியை உமிழ்ந்துவிடும். ஷூ லேஸ் முடிச்சை ஷூவின் வெளிப்பக்கமாகத் தள்ளி, மிச்ச நுனியை உள்ளே செருகிவிடச் சொல்லுங்கள்.

ஜூன் 4

"டிஸ்க் பிரேக் பாதுகாப்புதானே, அதை எப்படி ஃபேஷன் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

பழைய வண்டியின் முலாம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். சக்கரம் சில சுற்று சுற்றி ரப்பர் தண்ணீரை வழித்துத் தள்ளும்வரை வண்டி நிற்பதாகவே தெரியாது. அந்த அனுபவம்தான் டிஸ்க்கை விற்றுக்கொடுத்தது. ஆனால் நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள்: அலுமினிய ரிம்மும், அதை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் நெருக்கும் வி பிரேக்கும். ஈரத்தில் இரும்பு ரிம்மைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும். கட்டை தேய்ந்தால் பக்கத்துத் தெருக் கடையில் கிடைக்கும். ஒரு ஆலன் சாவியும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும்.

மலிவு விலை வண்டியில் வருவது கேபிள் இழுக்கும் டிஸ்க். இதில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட், அதாவது சக்கரத் தட்டை நெருக்கும் கட்டை, ஒன்றுதான் அசையும். அது தட்டை நெட்டித் தள்ளி உள்பக்க பேடில் அழுத்தும். உள் பேடுக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டால், தட்டு ஒவ்வொரு தடவையும் வளைந்து கொடுக்கும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். சரிசெய்வது இப்படி: பேடுகள் உட்காரும் கேலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை 5 மி.மீ. ஆலன் சாவியால் அரைச் சுற்று தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடியே போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பிறகு உள் பேடின் திருகை மெல்ல உள்ளே விட்டு, தட்டு உரசுகிற இடம் வந்ததும் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. செய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று வாங்கும்முன் விசாரியுங்கள்.

இன்னொன்று எண்ணெய். செயினுக்குத் தெளித்த ஸ்ப்ரே ஒரு துளி தட்டில் பட்டால் போதும், பேட் உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் கத்தும், பிடிக்காது. தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம். ஊறிய பேடை மாற்றத்தான் வேண்டும். பேட் வாங்கப் போகும்போது பழசைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள், அவற்றில் ஏகப்பட்ட வடிவம்.

வலது லீவர் முன்பிரேக், இடது லீவர் பின்பிரேக் என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

ஜூன் 4, திருத்தம்

மேலே வலது முன், இடது பின் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வெளிநாட்டு மாடலைப் பார்த்துக் கோத்த வண்டிகளில் மாறியும் இருக்கிறது. கடையிலேயே ஒரு லீவரைப் பிடித்து எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் கேபிளை மாற்றிப் போடச் சொல்லலாம். வீட்டில் இருக்கும் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஜூன் 5

ஃபேட் டயர். 26 × 4.0 என்று போட்டிருக்கும், நாலு அங்குல அகலம். கடல் மணலுக்கும் பனிக்கும் பிறந்த டயர். மணலில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மிதக்கும், அதுதான் அதன் முழுப் பெருமை. உங்கள் 5 கி.மீ.-இல் நாலரை கி.மீ. தார். குறைந்த காற்றில் தாரில் போனால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கும், உருட்டவும் கனம். பல மாடல்கள் 18 கிலோவைத் தாண்டுகின்றன. அதை ஒரு பெண் மாடிப்படிக்குக் கீழே தூக்கி வைக்க வேண்டும்.

தடித்த டயருக்கு இடம்விட வேண்டும் என்பதால் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, பொருத்தும் குழாயின் அகலமே 100 மி.மீ. ஆகிவிடுகிறது, சாதாரண வண்டியில் 68, 73. அதாவது கால் இரண்டும் அகட்டி மிதிக்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு முட்டி அன்றே சொல்லிவிடும்.

மட்கார்டு, கேரியர், ட்யூப் எல்லாம் அந்த அகலத்துக்குத் தனியாகத் தேட வேண்டும். முள்ளுக்குத் தடித்த டயர் தாங்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சீமைக்கருவேல முள் டயரின் அகலம் பார்த்துக் குத்துவதில்லை. பரப்பு கூடினால் முள்ளுக்கும் சௌகரியம்தான்.

ஜூன் 5, மறுபடி

எடையைப் பற்றி நான் சொன்னது ஒருதலைப்பட்சம். பழைய 28 அங்குல பார் வண்டியும் 20 கிலோவை ஒட்டித்தான் வரும், அதில் நெல் மூட்டையே போயிருக்கிறது. தனி எடை பெரிய குற்றமில்லை. உருளும்போது டயர் எவ்வளவு நசுங்கி எழுகிறது என்பதுதான் காலைச் சோர்வாக்குவது. 26 × 1.95 டயரில் காற்றழுத்தம் 40 முதல் 50 பி.எஸ்.ஐ. வைத்தால் அந்த மண் ரோட்டுக்கும் போதும். சரியான எல்லை டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும், அதற்கு மேல் போகக் கூடாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்று சொல்வதெல்லாம் பத்து நாளைக்கு ஒரு தடவை கேஜ் வைத்துச் சரிபார்க்கிறவர்களுக்கு மட்டும்.

ஜூன் 6

கியர் பற்றி ஒரு கணக்கு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 26 × 1.95 டயர். ஒரு மிதி சுற்றுக்கு வண்டி கிட்டத்தட்ட 5 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கி.மீ. பள்ளிக்கு 17 நிமிஷம், வியர்க்காமல். சமதளத்தில் இதற்கு ஒரே கியர் போதும்.

21 கியரில் பாதி ஒன்றின்மேல் ஒன்று விழும் கியர்கள். முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும் சேர்த்தால் செயின் குறுக்காக ஓடி, கொரகொரவென்று தேயும். இதுகூடப் பரவாயில்லை. உண்மையான ஆபத்து, செயினைப் பல் மாற்றிப் போடப் பின்னால் தொங்கும் டீரெய்லரில் இருக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் திறந்து நிற்கும். பள்ளி ஸ்டாண்டில் ஒரு வண்டி சரிந்தால் வரிசையே சரியும்; பக்கத்து வண்டி வந்து விழுவது டீரெய்லர்மேல். அதைத் தாங்கும் அலுமினியத் துண்டு உள்பக்கம் வளையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் ஏற்றத்தில் லேசான கியருக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போகும். சக்கரம் இறுகி வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

கண்டுபிடிக்க வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிப் பல்சக்கரமும் மேலும் கீழுமாக ஒரே நேர்கோட்டில், பின்பல்லுக்கு இணையாக நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்ளே சாய்ந்திருந்தால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை நிமிர்த்தலாம், ஒரு தடவை. இரண்டாம் தடவை உடையும்.

ஊட்டி, ஏற்காடு பக்கத்து ஆட்கள் அடிக்க வராதீர்கள். உங்களுக்குக் கியர் வேண்டும், சந்தேகமே இல்லை.

ஜூன் 7

முன் ஷாக் பற்றி ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன். இந்த விலையில் வரும் ஷாக் கனமான ஸ்பிரிங், இறக்கத்தில் முன்பிரேக் பிடித்தால் தலை குனியும், மட்கார்டு பொருத்த அதில் காது இருக்காது. ஷாக் இல்லாத நேர் ஃபோர்க்கே மேல்.

ஜூன் 7, இரவு

இருட்டும் உடையும். ட்யூஷன் முடிந்து ஏழு மணிக்குத் திரும்புகிறாள் என்று கேட்டவர் இடையில் சொன்னார். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பளபள பச்சை, ஆரஞ்சு ஜாக்கெட் போட்டால் இரவில் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த மினுக்கு நிறம் சூரிய வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிரால் ஒளிர்வது. பகலிலும் அந்தி நேரத்திலும் பிரமாதம். மஞ்சள் தெருவிளக்கின் கீழே சாதாரண மங்கல் துணி. இரவுக்கு வேண்டியது வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பும் பட்டை. ஜாக்கெட்டில் சாம்பல் நிறத்தில் தைத்திருக்கும் கோடுதான் அது. இரண்டும் இரண்டு வேலை.

அந்தப் பட்டையை உடம்பில் எங்கே ஒட்டினால் லாபம் அதிகம்? கணுக்காலில். மிதிக்கும்போது மேலும் கீழும் போகிற வெளிச்சத்தைப் பார்த்த உடனே ஓட்டுநரின் மூளை "மனுஷன்" என்று பிடித்துக்கொள்ளும். அசையாமல் ஒளிர்வது மைல்கல்லாகவும் இருக்கலாம், நின்ற லாரியாகவும் இருக்கலாம். இரண்டு விரல் அகல வெல்க்ரோ பட்டை இரண்டு கணுக்காலிலும். பேன்ட் நுனி செயினில் போகாமலும் அதுவே தடுக்கும். ஒரே பொருளில் இரண்டு காரியம், அதுவும் பார்க்க விளையாட்டு வீராங்கனை மாதிரி இருக்கும், பெண் மறுக்க மாட்டாள்.

பெடலில் வரும் ஆரஞ்சு ரிஃப்ளெக்டரும் இதே தத்துவம். புது வண்டி வந்ததும் பையன்கள் முதலில் பிடுங்கிப் போடுவது அதைத்தான். "கெத்தா இல்ல" என்பார்கள்.

பின்விளக்கு சீட்டுக் கம்பியில் மாட்டினால் பள்ளிப் பை மறைக்கும். குர்த்தாவின் பின்நுனியும் மறைக்கும். மட்கார்டின் கடைசியிலோ கேரியரின் பின்முனையிலோ மாட்டுங்கள். பழைய 6 வோல்ட், 3 வாட் டைனமோ பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். ஓடும்வரை பரவாயில்லை. நின்றால் அணையும், மழையில் ரோலர் வழுக்கும், டயரின் பக்கச்சுவரையும் தின்னும். சார்ஜ் போடும் எல்.இ.டி. இப்போது வசதி. முன்விளக்கை ரோட்டைப் பார்த்துக் குனித்து வையுங்கள். எதிரே வருபவன் கண்ணில் அடித்தால் அவன் உங்கள்மேலேயே வருவான்.

வெள்ளை வேட்டி இருட்டில் தெரியுமே என்று ஒரு பெரியவர். தெரியும், கறுப்பு பேன்ட்டைவிட நிச்சயம் தெரியும். செயினுக்கும் வேட்டி என்றால் உயிர், அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 8

ஹெல்மெட்டை இறக்கிப் பேசிவிட்டதாக ஒரு புகார். வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்.

உள்ளே இருப்பது நொறுங்கும் நுரை. ஒரு அடியை வாங்கி நசுங்கிவிடும். அப்புறம் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது. இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரத்தில் சமதளத்தின்மேல் மோதவிடும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம், மணிக்குச் சுமார் 20 கி.மீ. தலை தரையில் மோதுவதற்கான கணக்கு இது. லாரிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதனால்தான் விளக்கு, பிரேக், துணி என்று மற்றதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உள்பக்க ஸ்டிக்கரில் தர எண் இருக்கிறதா பாருங்கள். வட்டச் சட்டி மாதிரி அழகாக விற்கும் சிலவற்றில் நுரைக்குப் பதில் வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும். நகத்தால் அமுக்கினால் ஸ்பாஞ்ச் குழிந்து எழும், நுரை கெட்டியாக நிற்கும்; இதுதான் கடை முன் சோதனை.

அளவு: புருவத்துக்கு இரண்டு விரல் மேலே முன்விளிம்பு. பட்டைகள் காது மடலுக்குக் கீழே ஆங்கில 'வி' போலச் சேர வேண்டும். தாடைக்குக் கீழே ஒரு விரல் போகலாம், கை போகக் கூடாது. இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டும் பள்ளிகளில் மடிப்பு காதுக்குப் பின்னால் நின்று பட்டையை நெம்பும். சடையை ஒரு அங்குலம் கீழிறக்கிப் பின்னினால் பிரச்சினை தீரும். உச்சியில் கொண்டை போட்டு ஹெல்மெட்டை அதன்மேல் வைத்தால் முன்விளிம்பு தூக்கி நெற்றி திறந்துகிடக்கும். நெற்றியில்தான் அடிபடும்.

ஜூன் 9

பேச்சு எங்கேயோ போய்ச் சேலை கட்டி ஓட்டலாமா என்று நிற்கிறது. ஓட்டலாமாவா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியது சேலையிலும் தாவணியிலும்தான். லேடீஸ் வண்டி கிடைக்காமல் பலர் பார் வண்டி வாங்கினார்கள்; பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

முறை: கொசுவத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டி, கரையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்துவது. முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகுவது. கொசுவத்தின் நடுவில் முட்டிக்குக் கீழே ஒரு பின். மிதிக்கும்போது கொசுவம் விரிந்து பல்சக்கரத்தின் பக்கம் போகாமல் அந்தப் பின்தான் காக்கிறது. பார் வண்டியில் ஏற இடது பெடலில் கால் வைத்துத் தட்டித் தட்டிப் போக வேண்டியிருக்கும், அங்கே கரை தடுக்கும். லேடீஸ் வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது.

லண்டனிலும் இதே பாடுதான். 1895-ல் ஆலிஸ் பைகிரேவ் என்ற தையல்காரப் பெண்மணி, பாவாடைத் தையலுக்குள் கயிறும் குட்டிக் கப்பியும் வைத்து, இழுத்தால் முன்னும் பின்னும் மேலேறும்படி ஒரு காப்புரிமை வாங்கினார். இறங்கியதும் விட்டால் மரியாதையான பாவாடை. வண்டியை மாற்ற முடியாத இடத்தில் உடையை மாற்றினார், நாம் ஊக்கு குத்துகிறோம்.

ஜூன் 10

செருப்பு. ஊசிப்பல் வைத்த அலுமினியப் பெடல் இப்போது அழகுக்காக எல்லாவற்றிலும் வருகிறது. ஹவாய் செருப்போடு கால் வழுக்கினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கோடு போட்டுவிடும். ரப்பர் கட்டை பெடலுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ். சாவியின் பிடியை மேலே நிறுத்தி, முன்சக்கரம் இருக்கும் திசையில் திருப்பினால் இறுகும், பின்னால் திருப்பினால் கழலும். இரண்டு பக்கத்துக்கும் இந்த ஒரு சூத்திரம்தான்.

ஹேண்டில்பாரில் லஞ்ச் பை, குடை, ஜாமெட்ரி பை எதையும் தொங்கவிடக் கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். பை ஆடி முன்ஸ்போக்ஸில் நுழைந்தால் சக்கரம் ஃபோர்க்கில் முட்டி நிற்கும், ஆள் ஹேண்டிலுக்கு மேலே பறக்க வேண்டியதுதான். பின்சக்கரம் இறுகினால் சறுக்குவோம், முன்சக்கரம் இறுகினால் தலைகீழ். கேரியர் வேண்டாம் என்று அழகுக்குக் கழற்றியவர்கள்தான் ஹேண்டிலில் தொங்கவிடுகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

பிரேக்கே இல்லாத ஃபிக்ஸி பற்றிக் கேட்டவருக்கு: அது பந்தய மைதானத்து வண்டி. ஃப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். மேலே ஜூன் 3-இல் பெடலைப் பின்னால் மிதித்தால் துணி வெளியே வரும் என்றேனே, ஃபிக்ஸியில் அது நடக்காது. வண்டியையே பின்னால் உருட்ட வேண்டும், கால் உள்ளே மாட்டியிருக்கும்போது. ஒற்றைக் கியர் தோற்றம்தான் வேண்டுமென்றால் ஃப்ரீவீல் போட்டு இரண்டு பிரேக் வையுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஜூன் 11

நானே எழுதியதை மேலிருந்து படித்தேன். அழகைக் குறைத்துப் பேசிவிட்டேன் என்று தோன்றுகிறது. பிடிக்காத வண்டியைப் பதினாறு வயசுப் பிள்ளை வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்கூட்டரில் கொண்டுவிடச் சொல்லும். ஓட்டாத வண்டியில் என்ன பாதுகாப்பு? அரசு வண்டியையே எடுத்து, ஸ்டிக்கரைக் கழற்றி, மேட் கறுப்பு அடித்து, சீட்டையும் கைப்பிடியையும் பழுப்பில் மாற்றினால் நகரத்து ஷோரூம் வண்டி மாதிரி நிற்கும். செயின்கவரோடு, மட்கார்டோடு. கறுப்பு அடித்தால் பின் மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்ட வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ஜூன் 13

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பேச்சுவார்த்தை முடிந்து புது வண்டி முடிவாகியிருக்கிறது: 26 × 1.95, நேர் ஃபோர்க், ஒற்றைக் கியர், அலுமினிய ரிம், வி பிரேக், கடல் நீலம். டிஸ்க்கை விட்டுக்கொடுத்திருக்கிறாள், நிறத்தை விடவில்லை. சரியான பேரம். இப்போது என்னென்ன பொருத்துவது என்று கேள்வி.

முழு மட்கார்டு, டயரைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலம். பிளாஸ்டிக்கில் பாதி நீளம் வருவதை வாங்காதீர்கள், தண்ணீர் முதுகில்தான் அடிக்கும். கேரியர், ஆக்சில் பக்கத்துக் காதில் கால் உட்காரும் வகை. சீட்டுக் கம்பியை மட்டும் கவ்வித் தொங்கும் வகை வேண்டாம், அது பையோடு சேர்ந்து பக்கவாட்டில் திரும்பும். கேரியரில் எத்தனை கிலோ என்று அச்சடித்திருக்கும். தோழியை டபுள்ஸ் ஏற்றும் கணக்கு அதில் கிடையாது. டபுள் ஸ்டாண்டு, மண் தரையில் புதையாமல் நிற்கும்.

பின்சக்கரக் கார்டு கடையில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பழைய முறை: பின் மட்கார்டின் இரண்டு ஓரத்திலும், மேல்பாதி வட்டத்துக்கு, 5 செ.மீ.-க்கு ஒன்றாக 3 மி.மீ. ஓட்டை. ஓட்டை ஓரத்தை அரத்தால் மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றை அறுக்கும். ஆக்சில் நட்டுக்குக் கீழே கொக்கி வைத்த ஒரு வாஷர். 2 மி.மீ. நைலான் கயிற்றைக் கொக்கிக்கும் ஓட்டைக்குமாக ஏற்றி இறக்கிப் பின்ன வேண்டும். தம்புரா நரம்பு அளவுக்கு இறுக்கம் வேண்டாம், விரலால் தட்டினால் ஸ்போக்ஸைத் தொடாமல் இருந்தால் போதும். கயிறு என்ன நிறம் என்று அவளையே கேளுங்கள்.

சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் என்றால் இரண்டு செ.மீ. தாழ்த்தலாம்.

இரண்டு வாரம் ஓடியதும் ஒரு தடவை எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். கிராங்க் போல்ட் முதலில். அது தளர்ந்தபடியே ஓட்டினால் கிராங்கின் சதுர ஓட்டை தேய்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புதுக் கேபிள் நீளும், பிரேக்கைக் கூட்ட வேண்டும். ஸ்போக்ஸைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் சேர்த்து நெருக்கிப் பார்த்து, தளர்ந்தது இருந்தால் கோட்டம் எடுக்கக் கொடுங்கள்.

செயின்கவர் வாங்கும்முன் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயை அளந்துகொண்டு போங்கள். இரும்புச் சட்டத்தில் பெரும்பாலும் 28.6 மி.மீ., அலுமினியத்தில் 31.8 அல்லது 34.9. அளவு தப்பினால் கவரின் கிளிப் நிற்காது, கவர் பெடலில் இடித்து டக் டக் என்று சத்தம் போடும், மூன்றாம் நாள் அவளே கழற்றி மூலையில் எறிந்துவிடுவாள்.